சோற்றைக் கடைசியாகப் போடுங்கள்

அம்மாவுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று தெரிந்த வாரமே சிங்கப்பூர்ச் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ‘மை ஹெல்தி பிளேட்’ படத்தைக் குளிர்பெட்டியில் ஒட்டினேன். 2014-இல் வந்த படம் அது. தட்டில் பாதி காய்கறியும் பழமும். கால் பங்கு முழுத்தானியம். மீதிக் கால் பங்குக்கு மீன், கோழி, முட்டை, பருப்பு, டோஃபு. குடிக்கத் தண்ணீர்.

ஒரு மாதம் ஆகியும் ஒன்றும் மாறவில்லை. காரணம், நாம் பரிமாறும் முறை. முதலில் சோற்றைக் குவிக்கிறோம், அதன்மேல் குழம்பு. பொரியல் ஓரமாக ஒரு கரண்டி. அதனால் வரிசையை மாற்றினேன்: முதலில் காய், அடுத்து மீனோ பருப்போ, மிச்ச இடத்தில்தான் சோறு. இதை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

எவ்வளவு காய் என்று கண்ணால் மதிப்பிடாதீர்கள். 250 மில்லி குவளையில் முக்கால் அளவு சமைத்த காய் ஒரு பரிமாறல். நாளைக்கு இரண்டு வேண்டும், பழமும் இரண்டு. தேக்கா சந்தையில் வாங்கிய ஒரு கட்டு முளைக்கீரையை வதக்கி, அம்மா குவளையில் போட்டுப் பார்த்தார். அரைக் குவளைகூட நிரம்பவில்லை. “இவ்வளவுதானா?” என்றார். அன்றிலிருந்து இரண்டு கட்டு வாங்குகிறோம்.

உருளைக்கிழங்கு வறுவலைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள், அது சோற்றுக்குச் சொந்தம். தண்ணீராய் ஓடும் சாம்பாரும் பருப்புக் கணக்கில் வராது. கரண்டியில் பருப்பு நிற்க வேண்டும். சிவப்பரிசி பிடிக்காதவர்கள் வெள்ளையோடு பாதிக்குப் பாதி கலந்து தொடங்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் பழகியது.

வெளியில் பசியாறும்போது? சோற்றோடு வேண்டிய கறிகளைத் தேர்ந்தெடுத்து வாங்கும் கலவைச் சோற்றுக் கடையில் காய் இரண்டு வகை, மீன் ஒன்று, சோறு பாதி என்று கேளுங்கள், தருவார்கள். குழம்பை மேலே ஊற்ற வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், உப்பும் எண்ணெயும் அதில்தான் அதிகம். அப்புறம் பானம். தே தாரிக்கை, அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீரை, ஒரேயடியாக விட முடியாதவர்கள் முதலில் ‘சியூ தாய்’ (சர்க்கரை குறைவு), பிறகு ‘கோசோங்’ (சர்க்கரை இல்லாமல்) என்று இறங்கலாம். போத்தல் பானம் வாங்கினால் அதன்மேல் உள்ள ஊட்டச்சத்து எழுத்தைப் பாருங்கள். ஏ-தான் சிறந்தது, பிறகு பி, சி, டி என்று இறங்கிப் போகும், டி என்றால் திரும்ப வைத்துவிடுங்கள். பழத்தைச் சாறாக்காமல் கடித்தே சாப்பிடுங்கள். அம்மாவுக்கு மாலை நான்கு மணிக்கு ஒரு துண்டு பப்பாளி.