ஆட்டுத்தலையில் ரத்தக்குழாய் நரம்பைப் பிரித்தெடுப்பது

தலையின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும், தானாக இயங்கும் பரிவு நரம்பு நெஞ்சிலிருந்து கழுத்து வழியாக ஏறி, மண்டையின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் நரம்பு முடிச்சில் அடுத்த இழைகளுக்குக் கைமாறுகிறது. கறிக்கடைக்காரர் தலையைத் துண்டிக்கும் இடமும் கிட்டத்தட்ட அதேதான். அதனால் பாதி வேலை கடையிலேயே கெட்டுப்போகும்.

குமரி மாவட்டத்தில் வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ "ஒரு தலை" என்று மட்டும் கேட்டால் தீயில் வாட்டி, சுரண்டித் தருவார்கள். சூடு பட்ட நரம்பு தசையோடு வெந்து ஒட்டிவிடும். முந்தின நாளே சொல்லிவையுங்கள்: வாட்ட வேண்டாம், கழுத்தெலும்பு குறைந்தது மூன்று சேர்ந்து வரட்டும். குளச்சலில் மீனுக்குப் போடும் உடைத்த ஐஸில் வைத்துக் கொண்டுவரலாம். ஃப்ரீசரில் உறையவிட்டால் மெல்லிய இழைகள் சேதமாகலாம்.

கையுறை போட்டு, கழுத்தின் வெட்டுமுனையிலிருந்து தொடங்குங்கள். மூச்சுக்குழலின் பக்கத்தில், தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி. அதன் முதுகோடு ஒட்டி வெள்ளைச் சரடு ஒன்று போகும். அமுக்கினால் தட்டையாகாது, வெட்டினால் நடுவில் ஓட்டை இருக்காது, அதுதான் நரம்பு. ஆட்டில் வேகஸும் (மூளையிலிருந்து இதயம், குடல் வரை போகும் நரம்பு) பரிவு நரம்பும் ஒரே உறைக்குள் ஓடுகின்றன. கத்தியை வைத்துவிட்டு, மழுங்கிய இடுக்கியால் மேல்நோக்கிப் பிரியுங்கள். கீழ்த்தாடையின் ஒரு பாதியையும் காதடிச் சுரப்பியையும் எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும்.

மண்டையடியை நெருங்கும்போது சரடு வேகஸ், பரிவு நரம்பு என இரண்டாகும். பரிவு நரம்பு, நூல் நூற்கும் கதிர் போல நடுவில் பருத்த சாம்பல்சிவப்பு முடிச்சில் முடியும். பக்கத்திலுள்ள நிணநீர்க் கட்டியை இதுவென்று எடுத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. கட்டி உருண்டை, முடிச்சோ இரு முனையிலும் நரம்பாகவே மெலியும். சந்தேகம் வந்தால் ஒரு பங்கு வினிகரில் நாலு பங்கு தண்ணீர் கலந்து தடவுங்கள், நரம்பு வெளுத்துத் தெரியும்.

முடிச்சிலிருந்து வெளிக் கரோட்டிடுக்கு (கரோட்டிடின் முகப்பக்கக் கிளை) போகும் இழைகள் தமனியின் மேல் சிலந்தி வலை போலப் படரும். தமனியைப் பளிச்சென்று சுத்தம் செய்யப் போனால் அவையும் உரிந்து வந்துவிடும்.

இன்னொரு கிளை மேலேறி மண்டைக்குள் நுழைகிறது. புத்தகப் படத்தைப் பார்த்து அதன் கூடவே உள் கரோட்டிடை (மூளைப்பக்கக் கிளை) தேடாதீர்கள். வளர்ந்த ஆட்டில் மண்டைக்கு வெளியே அந்தத் தமனி தூர்ந்துபோயிருக்கும், நரம்பு மட்டும் மிஞ்சும். மூளைக்கு ரத்தம் தாடைத் தமனியின் கிளைகள் வழியாக வருகிறது. மண்டையோட்டை அறுத்து மூளையைத் தூக்கினால், மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் இருபுறமும் சிக்கிய தும்புபோல் ஒரு தமனிப் பின்னல் இருக்கும். மூக்கில் குளிர்ந்து திரும்பும் சிரை ரத்தம் இதைச் சூழ்ந்து நின்று, மூளைக்குப் போகும் ரத்தத்தின் சூட்டைத் தணிக்கிறது.

ரத்தக்குழாய்களை விரிக்கும் எதிர்ப்பரிவு இழைகளை வெறும் கண்ணால் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதற்கு நுண்ணோக்கியும் சாயமும் வேண்டும்.

மறுநாளைக்கு வைப்பதானால் கடை ஃபார்மலின் 1 பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு, ஜன்னலைத் திறந்துவைத்து. மிச்சத்தைக் குழம்பு வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஃபார்மலின் பட்டதைப் பூனைக்குக்கூடப் போடக்கூடாது.