டிஸ்க் கால்ஃப்ல (தட்டு மாதிரி டிஸ்க்கைக் கூடையை நோக்கி வீசுற விளையாட்டு) ஃபோர்ஹேண்ட் வீசும்போது டிஸ்க் ஆடாம போகணுமா?

வலது கைக்காரங்க பேக்ஹேண்ட்ல (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய்) வீசினா டிஸ்க் கடைசியில இடது பக்கம் சாயும், ஃபோர்ஹேண்ட்ல (வீசுற கைப் பக்கத்துல இருந்தே வீசினா) வலது பக்கம், அதனால ரெண்டும் தெரிஞ்சாதான் மரங்களுக்கு நடுவுல ஆட முடியும். கட்டாயம் கத்துக்கோங்க.

நடுவிரலை விளிம்போட உள்பக்கம் நல்லா அழுத்தி வைங்க, ஆள்காட்டி விரல் அதை ஒட்டியே இருக்கட்டும், கட்டைவிரல் மேல. உள்ளங்கை வானத்தைப் பாக்கணும், விடுற வரைக்கும் அப்படியேதான்.

டிஸ்க் படபடன்னு ஆடிக்கிட்டே போகுதா? பெரும்பாலும் விடுற நேரத்துல மணிக்கட்டைத் திருப்பிடுறதுதான் காரணம், கதவுக் குமிழைத் திருகுற மாதிரி கை உருளக்கூடாது, முழங்கை இடுப்புக்குக் கிட்ட இருந்து முன்னாடி வரணும், அப்புறம் மணிக்கட்டு சட்டுனு ஒரு வெட்டு, அவ்ளோதான். கை பலத்தை நம்பாதீங்க ப்ளீஸ்.

ஓடி வர்றதெல்லாம் அப்புறம். நின்ன இடத்துலயே, 15 மீட்டர் தூரத்துக்கு, பட்டர் (putter, கிட்ட இருந்து கூடையில போடுற மெதுவான டிஸ்க்) வச்சு மெதுவா வீசிப் பழகுங்க, வேகமான டிரைவர் (தூரமா வீசுற டிஸ்க்) உங்க தப்பை மறைச்சிடும், பட்டர் உடனே காட்டிக்கொடுத்துடும். அது ஆடாம போனப்புறம் தூரத்தைக் கூட்டுங்க. முழங்கை வலிச்சா அன்னைக்கு நிறுத்திடுங்க.