உப்புக்காற்றில் ட்ரம்ஸ் பழகுவது

அக்காவின் மகன் போன விடுமுறையில் வந்து, "மாமா, ட்ரம்ஸ் செட் ஒன்று வாங்கித் தாங்கோ" என்று கேட்டான். வாங்கிக் கொடுக்கவில்லை. பழைய மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டி விரித்து, ஓர் அடிப் பிளைவூட்டின் மேல் இழுத்து ஆணி அடித்துக் கொடுத்தேன். கூடவே நடுத்தரத் தடிப்புள்ள 5ஏ ஸ்டிக் ஒரு சோடி. இருபத்திரண்டு வருஷமாகத் திருகோணமலையில், உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் ரொக் பாண்டுக்கு வாசிக்கிறேன். நானும் இப்படித்தான் தொடங்கினேன், நீங்களும் இப்படியே தொடங்குங்கள்.

முதல் மூன்று மாதம் வேகம் வேண்டாம். போனில் மெட்ரோனோமை, அதாவது காலம் தவறாமல் தட்டிக் காட்டும் செயலியை, நிமிஷத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒரு தட்டுக்குள் "தகதிமி" என்று வாய்விட்டுச் சொல்லி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அடி. வலம், இடம், வலம், இடம். பிறகு வலம் இடம் வலம் வலம், இடம் வலம் இடம் இடம். வாய் நிற்கும் இடத்தில் கையும் தடுமாறும், அதனால் சொல்வதை விடாதீர்கள். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் தவில்காரருக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் கம்பு. இரண்டு கையும் வேறு வேறு வேலை செய்ய, காலம் மட்டும் அசையாது. இதை எனக்கு எந்த வீடியோவும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ரொக் பாண்டில் 1963 முதல் 2021இல் இறக்கும்வரை வாசித்த சார்லி வாட்ஸைக் கவனியுங்கள். இரண்டு கால்களுக்கும் நடுவிலுள்ள ஸ்நேர் ட்ரம்மில் அடி விழும்போது, காலால் மூடித் திறக்கும் சோடித் தட்டான ஹைஹட்டிலிருந்து வலக்கையைத் தூக்கிவிடுவார். அந்தச் சின்ன வெளியில் ஸ்நேர் தனியாகக் கேட்கும். கூட்டி அடிக்கத்தான் எல்லாரும் பழகுகிறார்கள், எதை விடுவது என்று பழகுவதற்கு எனக்குப் பத்து வருஷம் போனது. போரில் கையிழந்த ஒருவர் எங்கள் ஊரில் பழகக் கேட்டால் நான் டெஃப் லெப்பர்ட் என்ற ரொக் பாண்டின் ட்ரம்மர் ரிக் ஆலனைப் பற்றிச் சொல்வேன். 1984இல் இடக்கையை இழந்தார். இடக்கை அடித்ததைக் கால் பெடல்களுக்கு மாற்றி, அதே பாண்டில் திரும்பவும் உட்கார்ந்தார்.

ரொக் மட்டும்தான் வாசிப்பேன் என்றால் இங்கே வேலை கிடைக்காது. கல்யாண வீட்டில் பத்து மணிக்குப் பிறகு பைலா என்ற ஆட்டப் பாட்டுக் கேட்பார்கள். அதற்குத் "தகிட தகிட" என்று ஆறாக எண்ணுங்கள். மனம் வைத்து வாசியுங்கள், அது நல்ல தாளம்.

செட் வாங்கியதும் உங்கள் எதிரி கடற்காற்று. டச்பே பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு வாரம் வைத்த என் பெடலின் ஸ்பிரிங் துருவேறி, பாட்டு நடுவில் அறுந்தது. அதிலிருந்து ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும், களைப்பாக இருந்தாலும், உலர்ந்த துணியால் சிம்பல் தட்டுகளையும் கம்பிகளையும் துடைத்த பிறகுதான் பையில் போடுகிறேன். இறுக்கும் திருகாணிகளைக் கழற்றி, புரியில் வாசலின் மெல்லிசாகப் பூசுங்கள். ஸ்நேரின் அடியில் இருக்கும் உருக்குக் கம்பிகளைக் கட்டாயம் பாருங்கள், உப்பு முதலில் பிடிப்பது அவற்றைத்தான். தோல் மாற்றும்போது திருகாணிகளை வரிசையாக இறுக்க வேண்டாம். ஒன்று, அதற்கு நேர் எதிரே ஒன்று, ஒவ்வொரு முறையும் அரைச் சுற்று. ஹோட்டல் மாபிள் தரையில், காலால் அடிக்கும் பெரிய பேஸ் ட்ரம் முன்னால் வழுக்கும், அதனால் ஒரு பழைய கம்பளத்தை ஓட்டோவில் சேர்த்துக் கொண்டு போங்கள்.

காதைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணித்தியாலம் கேட்கலாம். ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100க்கு வரும்போது பதினைந்து நிமிஷம்தான். ட்ரம்ஸ் அதைத் தாண்டும். ஹைஹட் இருக்கும் பக்கம், என் இடது காதில், இரவில் இரைச்சல் கேட்கிறது. உள்காதின் மயிர்க்கலங்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. டியூப் அடித்த பலகையை விட்டு உண்மையான செட்டில் உட்காரும் முதல் நாளே காதடைப்பான் போடுங்கள்.

காசு விஷயம்: அட்வான்ஸ் வாங்காமல் சாமான் ஏற்றாதீர்கள். மே முதல் செப்டெம்பர்வரை வெள்ளைக்காரர் வருவார்கள், மாரி தொடங்கினால் ஹோட்டல்கள் அடங்கிவிடும். அந்த மாதங்களுக்குத் தேவாலயம், கல்யாணம், பிள்ளைகளுக்குப் பழக்குதல் என்று வேறு வழி வைத்திருங்கள்.

கடைசியாக, கரண்ட் போகும் இரவு. கிட்டார், கீபோர்ட், பாடுபவரின் மைக் எல்லாம் ஒரே நொடியில் அடங்கும். உங்கள் சத்தம் மட்டும் இருக்கும். நிறுத்தாதீர்கள். பேஸ் ட்ரம்மையும் ஹைஹட்டையும் மெல்லமாக, அதே காலத்தில் கொண்டு போங்கள். இருட்டில் ஆடுபவர்கள் கை தட்டத் தொடங்குவார்கள். வெளியே ஜெனரேட்டர் பிடித்து விளக்கு எரிந்ததும் பாடுபவரின் முகத்தைப் பாருங்கள். அவர் தலையசைத்ததும் ஸ்டிக்கால் நாலு எண்ணிக் கொடுங்கள்.