74 பீரங்கிக் கப்பல் மாடல்: முதலில் வருஷம், அப்புறம் பலகை

கிட் வாங்கி, கப்பலின் உடலை ஒட்டி முடித்துவிட்டு, "இனி விவரம் சேர்க்கலாம்" என்று உட்காருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: உங்கள் மாடல் எந்த வருஷத்துக் கப்பலைக் காட்டுகிறது? பெயர் மட்டும் போதாது. ஒரே கப்பல் கட்டிய வருஷத்தில் ஒரு தோற்றத்திலும் இருபது வருஷம் கழித்து வேறு தோற்றத்திலும் இருந்திருக்கும். அடிப்பாகத்தின் நிறம், பக்கத்துப் பூச்சு, சுக்கானின் உலோகம் எல்லாமே அந்த ஒரு முடிவைப் பொறுத்தவை.

உதாரணத்துக்கு நம்ம ஊர்க் கடலுக்கே வந்த கப்பலை எடுத்துக்கொள்வோம். 1782 ஜூலை 6-ம் தேதி நாகப்பட்டினத்துக்கு வெளியே ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸும் பிரெஞ்சுக்காரர் சஃப்ரனும் மோதிய சண்டையில் ஹியூஸ் ஏறியிருந்தது சூப்பர்ப் என்ற 74 பீரங்கிக் கப்பல். 1760-ல் நீரில் இறங்கியது, தாமஸ் ஸ்லேட் வரைந்த பெல்லோனா வகையைச் சேர்ந்தது. பீரங்கித் தளத்தின் நீளம் சுமார் 168 அடி, 1:72 அளவில், அதாவது நிஜத்தில் 72-ல் ஒரு பங்காகச் செய்தால், 71 சென்டிமீட்டர் வரும், வீட்டு மேஜையில் வைத்து வேலை செய்யத் தோதான நீளம். இங்கிலாந்துக் கடற்படையின் பழைய வரைபடங்கள் கிரீன்விச் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, கிட்டோடு வரும் தாளை மட்டும் நம்பாமல் இந்த வகைக் கப்பலின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லும் அளவுகள் எல்லாம் 1:72-க்குத்தான்.

மரத்தில் ஆரம்பிக்கலாம். தேக்கு வேண்டாம். நிஜக் கப்பலுக்கு அது அருமையான மரம், ஆனால் இந்த அளவில் அதன் ரேகையும் துளைகளும் பெரிதாகத் தெரிந்து கப்பலைச் சின்னதாக்கிவிடும். நுண்ணிய ரேகையுள்ள மரம் வேண்டும். மஞ்சள் கடம்பு கிடைத்தால் விடாதீர்கள், வெட்பாலையும் நன்றாக வரும். தஞ்சாவூரில் வீணை செய்கிற பட்டறைகளில் பலாமரத் துண்டுகள் கழிவாக விழும், கேட்டுப் பாருங்கள், அதில் ரேகை நெருக்கமான துண்டாகப் பார்த்து எடுத்தால் பக்கப் பலகைக்கு நல்ல நிறம் கிடைக்கும். இன்னொன்று, ஐப்பசி கார்த்திகையில் வெளிப் பலகை ஒட்டாதீர்கள். டெல்டா மழையில் மரம் ஊறிப் பெருத்திருக்கும், ஃபெவிகால் காய நாளாகும், அப்புறம் சித்திரை வெயிலில் அதே பலகை சுருங்கி இணைப்பெல்லாம் வாய் பிளக்கும். தை மாசியில் ஒட்டுங்கள், அதற்கு முன் சில வாரம் கீற்றுகள் அதே அறையில் கிடக்கட்டும்.

பலகை நீளத்தில்தான் பெரும்பாலான மாடல்கள் கோட்டை விடுகின்றன. கிட்டில் வரும் நீளக் கீற்றை அணியத்திலிருந்து (கப்பலின் முன்முனை) அமரம் (பின்முனை) வரை ஒரே துண்டாக ஓட்டிவிடுகிறார்கள். 168 அடிக்கு ஒரே பலகை தருகிற மரம் உலகத்தில் எங்கே இருக்கிறது? நிஜத்தில் ஒரு பலகை ஏறக்குறைய 20 முதல் 25 அடி. 24 அடி என்று வைத்தால் நமக்கு 10 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அந்த நீளத்தில் வெட்டுங்கள். அடுத்தது இணைப்புகளின் இடம். அடுத்தடுத்த இரண்டு வரிசைகளில் இணைப்புகளுக்கு நடுவே குறைந்தது 5 அடி, அதாவது 21 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஒரே வங்கின் (பலகையைத் தாங்கும் விலாச் சட்டம்) மேல் இரண்டு இணைப்பு வந்தால் அவற்றுக்கு நடுவே மூன்று முழு வரிசையாவது ஓட வேண்டும். இணைப்பு எப்போதும் வங்கின் மேல்தான் விழும், இரண்டு வங்குக்கு நடுவே அந்தரத்தில் விழாது. அதனால் ஒட்டுவதற்கு முன்பே வங்குக் கோடுகளை உள்பலகை மேல் பென்சிலால் போட்டு, காகிதத்தில் நான்கு வரிசைக்கு ஒரு மாதிரி வரைந்துகொண்டால் அதையே மேலே வரை திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

அணியத்தில் பலகைகள் நெருங்கும் இடத்தை நிதானமாகப் பாருங்கள். நடுவில் உடல் அகலம், முன்னால் போகப் போகக் குறுகும், எல்லாப் பலகைக்கும் அங்கே இடம் இருக்காது. கிட்டின் குறிப்பு கீற்றை ஊசிமுனையாகச் சீவிச் சொருகச் சொல்லும். எந்தக் கப்பல் தச்சரும் அப்படிச் செய்ய மாட்டார், ஏனென்றால் ஊசிமுனையில் ஆணி பிடிக்காது, கலப்பற்று (தண்ணீர் புகாமல் பலகை இடுக்கில் நார் திணிப்பது) அடித்தால் முனை பிளந்துபோகும். பலகையின் முனை அதன் அகலத்தில் பாதிக்குக் கீழே போகக் கூடாது என்பதுதான் நடைமுறை. அதற்கு மேல் குறுக வேண்டி வந்தால் ஒரு வரிசையை அங்கேயே சதுர முனையோடு நிறுத்திவிட்டு, அடுத்த பலகையில் காடி வெட்டி அந்த முனையை உட்கார வைப்பார்கள். அமரத்தின் கீழ்ப்பக்கம் இதற்கு நேர்மாறு, அங்கே இடம் விரியும், ஒரு வரிசையைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருக்கும். சந்தேகம் இருந்தால் நாகை அக்கரைப்பேட்டைப் பக்கம் போய் மரப்படகு பழுதுபார்க்கிற ஆசாரியிடம் முன்பக்கப் பலகை எப்படி முடிகிறது என்று காட்டச் சொல்லுங்கள், கண்ணால் ஒருமுறை பார்த்தால் கை தானாகப் புரிந்துகொள்ளும்.

வேல்ஸ் எனப்படும் தடித்த பலகைப் பட்டை கீழ்த்தளப் பீரங்கி வாசல்களுக்கு அடியில் ஓடும். கப்பலின் இடுப்புக் கச்சை அதுதான். கிட்டுகளில் அதை மேலும் கீழும் ஒரே மாதிரி படிபோலத் தூக்கி ஒட்டியிருப்பார்கள். நிஜத்தில் மேல் விளிம்பில்தான் படி தெளிவாகத் தெரியும். கீழே வரும் பலகைகள் ஒவ்வொன்றாகத் தடிமன் குறைந்து, அடிப்பலகையின் தடிமனோடு போய்க் கலந்துவிடும். எனவே பட்டையை ஒட்டி முடித்ததும் அதற்குக் கீழே நான்கைந்து வரிசையை உப்புத்தாளால் மெதுவாகச் சரித்து இறக்குங்கள். இந்த ஒரு வேலையில் கப்பலின் உடல் சட்டென்று மாறித் தெரியும், செலவும் கிடையாது. அப்புறம் பட்டைக்குக் கறுப்பு.

மர ஆணிக்கு நம்மிடம் இருப்பதைவிட நல்ல பொருள் வேறு இல்லை: மூங்கில். நிஜ ஆணி ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலக் கனம், நமக்கு அரை மில்லிமீட்டர் அளவில் வர வேண்டும். கூடை முடைபவர்களிடம் முற்றிய மூங்கில் வாங்கி, இரண்டு கணுவுக்கு நடுவே உள்ள பகுதியில் வெளித்தோலை ஒட்டிய நாரை மட்டும் மெல்லிய குச்சிகளாகப் பிளந்துகொள்ளுங்கள், உள்சதை நொறுங்கும், தள்ளிவிடுங்கள். நகை ஆசாரிகள் கம்பி இழுக்கும் ஓட்டைத் தகடு ஒன்று வேண்டும். கம்பியை அகலமான வாய்ப்பக்கம் நுழைத்து இழுப்பார்கள். மூங்கிலைக் குறுகலான பக்கமிருந்து நுழையுங்கள், அப்போதுதான் ஓட்டையின் விளிம்பு அதைச் சீவும், இல்லாவிட்டால் நசுக்கும். பெரிய ஓட்டையில் தொடங்கி ஒவ்வொன்றாக இறங்குங்கள். துளை போட எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 0.5 மில்லிமீட்டர் பிட் போதும். ஆணி வங்குக் கோட்டின் மேல்தான் வரும், இரண்டு, ஒன்று என்று மாறி மாறி அடித்தாலும் அந்தக் காலத்து முறைக்குப் பொருந்தும்.

ஆணியைக் கறுப்பாக்குகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். மாடலை ஒரு அடி தூரத்தில் பார்ப்பது நிஜக் கப்பலை 72 அடி தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் மர ஆணி லேசான புள்ளியாகத்தான் தெரியும், அம்மைத் தழும்பு மாதிரி துருத்தாது. மூங்கிலின் சொந்த நிறமே சரி. கலப்பற்றுக் கோடும் அப்படியே: பலகையின் ஒரு விளிம்பில் மட்டும் 2பி பென்சிலை ஓட்டிவிட்டு ஒட்டினால் போதும், பெயின்ட் வரும் இடங்களில் அதுவும் வேண்டாம்.

பக்கத்து நிறத்துக்கும் வருஷம் முக்கியம். 1760-களில் வேல்ஸுக்கு மேலே மரம் வெறும் வார்னிஷோடு பளிச்சென்றோ காவி மஞ்சளாகவோ இருக்கும். கறுப்பும் மஞ்சளுமாகச் சதுரம் சதுரமாகத் தெரியும் நெல்சன் பாணி 1805 ட்ரஃபால்கர் சண்டைக்குப் பிறகு பரவியது. சூப்பர்புக்கு அதை அடித்தால் தப்பு.

இப்போது அடிப்பாகம். இங்கேதான் வருஷம் முழுமையாகப் பேசும். 1760-ல் இறங்கிய நிலையில் காட்டினால் தாமிரம் கிடையாது, மீன் எண்ணெய், குங்கிலியம் போன்ற பிசின், கந்தகம் கலந்து காய்ச்சிய வெள்ளைப் பூச்சுதான். சுத்த வெள்ளையாக அடிக்காதீர்கள், மஞ்சள் ஓடிய வெள்ளை. தாமிரத் தகட்டை ஆங்கிலேயக் கடற்படை முதலில் சோதித்தது 1761-ல் அலார்ம் என்ற கப்பலில். புழு துளைக்கவில்லை, பாசி பிடிக்கவில்லை, ஆனால் 1763-ல் பார்த்தால் தாமிரம் பட்ட இடத்தில் இரும்பு ஆணிகள் அரித்துப்போயிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் கிழியாமல் நடுவே நின்ற இடங்களில் மட்டும் ஆணி பிழைத்திருந்தது. அதனால் மொத்தக் கடற்படைக்கும் தாமிரம் அடிக்க 1779 முதல் 1781 வரை ஆனது. 1780-களின் கப்பலைச் செய்கிறவர்கள் மட்டும் அடுத்த இரண்டு பத்தியைப் படியுங்கள்.

தகட்டின் அளவு 4 அடிக்கு 14 அங்குலம், நமக்கு 17-க்கு 5 மில்லிமீட்டர். கலர் கண்ணாடி வேலைக்கு விற்கும், பின்பக்கம் பசையுள்ள செப்பு டேப்பில் 4.8 மில்லிமீட்டர் அகலம் கிடைக்கும், கச்சிதமாகப் பொருந்தும். தனித் தகடாக வேண்டுமென்றால் தஞ்சாவூர்த் தட்டு செய்பவர்கள் மெல்லிய செம்புத் தகட்டோடு தினமும் புழங்குகிறவர்கள், எங்கே வாங்கலாம் என்று அவர்களிடம் கேளுங்கள். அமரத்தில், ஏராவை (கப்பலின் அடிமரம்) ஒட்டிக் கீழே தொடங்கி முன்னோக்கி வாருங்கள். முன்தகட்டின் பின்விளிம்பு பின்தகட்டின் மேல் ஏறி உட்கார வேண்டும், அப்போதுதான் ஓடும் தண்ணீர் விளிம்பைக் கிளப்பாது. மாற்றி ஒட்டினால் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே படும். ஆணித் தலைகள் தட்டையாகத் தகட்டோடு படிந்திருக்கும், கிட்டில் வரும் கொப்புளம் கொப்புளமான தகடுகள் இந்த அளவுக்கு மிகப் பெரிது. தேவையென்றால் மழுங்கிய ஊசியால் பின்பக்கம் வரை துளைக்காமல் மெல்லத் தொட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

கை வியர்வை செம்பில் விரல் ரேகையாகப் பதியும், நாகை மாதிரி உப்புக்காற்று ஊரில் இன்னும் வேகமாக. பருத்திக் கையுறை போடுங்கள். ஒட்டி முடித்ததும் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் துடைத்துக் காய விடுங்கள். புளி போட்டுத் தேய்த்தால் டேப் கிழிந்துவிடும். மேலே லாக்கர் அடித்துப் பளபளப்பைப் பூட்டி வைக்காதீர்கள், கடலில் ஓடிய செம்பு பழுப்பாகும், நீர்க்கோட்டுப் பக்கம் பச்சை ஓடும். சும்மா விட்டாலே அடுத்த மழைக்காலத்துக்குள் பழுப்பு தானாக வரும்.

பீரங்கி வாசல்களில் பார்க்க வேண்டியது இரண்டு. வாசலின் மேல் கீழ் விளிம்புகள் தளத்தின் வளைவோடு போகும், பக்கச் சட்டங்கள் எப்போதும் செங்குத்து, ஆகவே முன்னும் பின்னும் உள்ள வாசல்கள் லேசாகச் சாய்ந்த கட்டமாக இருக்கும். இரண்டாவது, மூடியின் தடிமன் வெளிப்பலகையின் தடிமனே, மூடினால் சமமாக உட்காரும், மூடியில் தெரியும் பலகைக் கோடு பக்கத்துக் கோட்டோடு நேராக ஓடும். மூடியின் உள்பக்கம் சிவப்பு.

பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளின் சங்கிலிகளை ஒரே நேராகத் தொங்க விடாதீர்கள். பாய்மரத்தைத் தற்காலிகமாக நிறுத்தி, கயிறு கட்டும் இடத்திலிருந்து ஒரு நூலை இழுத்துப் பிடித்து, அதே சாய்வில் உடல் மேல் குறி போடுங்கள். பின்னால் போகப் போகச் சாய்வு கூடும். ஒரு சங்கிலி வாசலுக்குக் குறுக்கே வந்தால் சங்கிலி தாங்கும் பலகையில் அதன் இடத்தை நகர்த்துங்கள், வாசலை நகர்த்தாதீர்கள்.

சுக்கான் கீல்களின் பட்டைகள் தாமிரத்துக்கு மேலே வரும், அடியில் நுழையாது. தாமிரம் அடித்த கப்பலில் அவை செம்புக் கலவை உலோகமாக இருக்கட்டும், இரும்புக் கறுப்பு வேண்டாம், காரணம் அலார்ம் கதைதான். தளத்துத் தண்ணீர் வெளியேறும் ஈயக்குழாய் வாய்களைத் தளமட்டத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் துளையாகப் போடுங்கள், இதை மறக்காதவர்கள் குறைவு. கடைசியாக அணியத்திலும் அமரத்திலும் ஆழக்குறிகள்: ரோமன் எண்கள், ஒவ்வொன்றும் 6 அங்குல உயரம், அதாவது 2 மில்லிமீட்டர், ஒரு அடிக்கு ஒன்று, அதாவது 4.2 மில்லிமீட்டர் இடைவெளி. எண்ணின் அடிவிளிம்புதான் அந்த அடியைக் காட்டும், அளக்கத் தொடங்குவது ஏராவின் அடியிலிருந்து.