பழைய எஸ்யூவியைத் தொடர்ந்து ஓட்டுவதா, மாற்றுவதா? படிப்படியாக முடிவெடுப்பது எப்படி

மெக்கானிக் நீட்டும் எஸ்டிமேட்டைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "வண்டியே இவ்வளவுக்குப் போகாதே, அதற்குப் போய் இத்தனை செலவா?" கேள்வியே கோணல். விற்றால் என்ன கிடைக்கும் என்பது விற்கப்போகிறவரின் கவலை. ஓட்டப்போகிறவர் பார்க்க வேண்டியது இரண்டு விஷயம். இந்தச் செலவைச் செய்தால் இன்னும் எத்தனை வருடம் நிம்மதியாக ஓடும்? அதே வருடங்களை வேறொரு வண்டியில் ஓட்டினால் மொத்தம் எவ்வளவு ஆகும்?

இதைக் கண்டுபிடிக்கக் கார் பற்றிப் பெரிதாக எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு டார்ச், ஒரு பழைய வெள்ளைத் துணி, ஒரு திருப்புளி, ஒரு சின்னச் சுத்தியல், ஒரு நோட்டு போதும்.

படி 1: பழைய பில்களை எடுத்து வையுங்கள்

கடைசி இரண்டு மூன்று வருட பில்களை இரண்டாகப் பிரியுங்கள். இன்ஜின் ஆயில், டயர், பிரேக் பேட், பேட்டரி எல்லாம் ஒரு பக்கம். இவை எந்த வண்டி வைத்திருந்தாலும் வரும் செலவு, பழைய வண்டியின் தலையில் கட்டக் கூடாது. திடீரென்று பழுதாகிச் செய்த வேலைகள் மட்டும் இன்னொரு பக்கம்.

இந்த இரண்டாவது பக்கத்தில் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ஒரே வருடத்தில் மூன்று முறை சூடேறி நின்றது என்றால், மூல காரணத்தை யாரும் இன்னும் தொடவில்லை என்று அர்த்தம். வண்டியை மாற்றும் முன் மெக்கானிக்கை மாற்றிப் பார்க்கலாம்.

படி 2: அடிப்பாகத்தைப் பாருங்கள்

பலரும் இன்ஜினில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் அடிப்பாகத்தில் ஆரம்பிக்கச் சொல்வேன். இன்ஜினை இறக்கி வேலை பார்க்கலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம், அரித்துப் போனால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை.

வண்டியை ஒர்க்‌ஷாப்பில் லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். வீட்டில் வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. பின் சக்கரங்களுக்கு மேலே சேஸிஸ் வளைந்து போகும் இடம், பின்பக்க ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், பாடி சேஸிஸோடு போல்ட் போட்டு இணைந்திருக்கும் இடங்கள், பிரேக் குழாய்கள் எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். சேறும் ஈரமும் தங்கும் மூலைகள் இவைதான்.

துருவிலும் வகை உண்டு. மேலாக ஆரஞ்சு நிறத்தில் படிந்து, தேய்த்தால் கீழே கெட்டியான இரும்பு தெரிந்தால் கவலை வேண்டாம். சுத்தம் செய்து பூச்சு அடித்தால் போதும். செதில் செதிலாக உரிந்து வருகிறது, திருப்புளியால் அழுத்தினால் உள்ளே இறங்குகிறது என்றால் நிலைமை வேறு. சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக் கேளுங்கள். நல்ல இரும்பு "டங்" என்று கணீரென ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாக "டொக்" என்று அடங்கிவிடும். அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு மினுமினுத்தால் கூடுதல் சந்தேகம் வரட்டும். பூசி மெழுகும் வேலை பெரும்பாலும் அங்கேதான் நடக்கும்.

சேஸிஸே உளுத்துவிட்டது, பல இடங்களில் வெல்டிங் வைக்க வேண்டும் என்றால் மீதிப் படிகளைப் படிக்கத் தேவையில்லை. மாற்றிவிடுங்கள்.

படி 3: இன்ஜினும் கியர்பாக்ஸும்

வண்டி இரவு முழுக்க நின்று குளிர்ந்த பிறகு காலையில் பாருங்கள். ஓடி வந்த சூட்டில் பல கோளாறுகள் ஒளிந்துகொள்ளும். ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்பதும் ஒரு காரணம்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் கூழ் போல ஒட்டியிருந்தால், ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஆயிலில் கலந்திருக்கலாம். ஆனால் உடனே பயப்பட வேண்டாம். தினமும் ரொம்பக் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரப்பதத்தாலும் லேசாக அப்படிப் படியும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் அதே கூழ், கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே போகிறது என்றால்தான் விஷயம் பெரிது.

அடுத்து ஸ்டார்ட் செய்து புகையைக் கவனியுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் முழுதாக எரியவில்லை. குளிரில் வெள்ளையாக வந்து சில நிமிடத்தில் மறைந்தால் வெறும் நீராவி. இன்ஜின் சூடான பிறகும் கனமான வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். சந்தேகம் தீரவில்லையா, சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். எல்லா சிலிண்டரும் அந்த இன்ஜினுக்கு உரிய அளவுக்குக் குறையாமல், கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால் இன்ஜினுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது.

டைமிங் பெல்ட் (பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்க வைக்கும் பெல்ட்) உள்ள இன்ஜின் என்றால் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பது கட்டாயம் தெரிய வேண்டும். பல இன்ஜின்களில் 1,00,000 கி.மீ.யை ஒட்டி மாற்றச் சொல்வார்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும். சில இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடித்துவிடும். சின்ன வேலையைத் தள்ளிப்போட்டு இன்ஜினையே இழப்பது இப்படித்தான்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் அதன் ஆயிலில் ஒரு துளியை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் புது ஆயில் சிவப்பாக இருக்கும். கரும்பழுப்பாக மாறி, கருகிய வாசனையும் அடித்தால் உள்ளே தேய்மானம் அதிகம். கியர் விழத் தாமதமாகிறதா, இன்ஜின் உறுமியும் வேகம் ஏறவில்லையா என்பதை ஓட்டும்போது கவனியுங்கள்.

படி 4: எஸ்யூவிக்கே உரிய பாகங்கள்

சாதாரணக் காருக்குப் பெரும்பாலும் இல்லாத தலைவலி ஃபோர் வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் அமைப்பு. லீவரையோ பட்டனையோ போட்டுச் சேர்க்கும் வகை என்றால், மண் அல்லது சரளைத் தரையில் போட்டுப் பாருங்கள். காய்ந்த தார் ரோட்டில் வேண்டாம். திருப்பத்தில் முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற முடியாமல் உள்பாகங்கள் இறுகிக்கொள்ளும். டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவிசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிப்பது), டிஃபரன்ஷியல் (திருப்பத்தில் இடது, வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற உதவுவது) ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. பில்லில் தேடுங்கள்.

எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை என்றால் நான்கு டயரின் தேய்மானமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். டயரின் வயதையும் பாருங்கள். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரத்தில் தயாரானது. டயரின் பட்டன் (தரையைத் தொடும் வரிகள்) நன்றாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். பத்து வருடத்தைத் தாண்டிய டயரை யோசிக்காமல் கழற்றிவிடுங்கள்.

மேடு பள்ளத்தில் "கட கட" சத்தமா? புஷ், பால் ஜாயிண்ட், ஷாக் அப்சார்பர் என்று சக்கரங்களை வண்டியோடு இணைக்கும் பாகங்கள் தேய்ந்திருக்கலாம். பழைய வண்டியில் இதெல்லாம் சகஜம், மாற்றினால் வண்டி புதிதுபோல் ஓடும். இதற்காக யாரும் வண்டியை விற்க வேண்டாம்.

படி 5: மூன்று வருடக் கணக்கு

இதுவரை கிடைத்த கோளாறுகளுக்கு எஸ்டிமேட் வாங்கி, மூன்று வருடத்தில் வரக்கூடியதையும் மெக்கானிக்கிடம் கேட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒப்பீடு. ஓர் உதாரணத்துக்குப் புது எஸ்யூவியின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். எண்கள் என் அனுமானம்தான், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

புது வண்டி மூன்று வருடத்தில் 60-க்கு இறங்கினால் இழப்பு 40. கடன் வட்டி, கூடுதல் இன்சூரன்ஸ் சேர்த்து 10. எரிபொருள் மிச்சம் 6. நிகரச் செலவு 44. உங்கள் பழைய வண்டி இன்று 15, மூன்று வருடம் கழித்து 9 என்றால் இழப்பு வெறும் 6. ஆக, மூன்று வருடத்தில் ரிப்பேர் செலவு 38-ஐத் தாண்டினால்தான் பழையது தோற்கும். அவ்வளவு செலவு வைக்கும் வண்டி அபூர்வம்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். மூன்று வருடம் ஓடிய செகண்ட் ஹேண்ட் வண்டியை 60-க்கு வாங்கினால், அது அடுத்த மூன்று வருடத்தில் 42-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். இழப்பு 18, வட்டியும் இன்சூரன்ஸும் 6, எரிபொருள் மிச்சம் 6. நிகரம் 18. இப்போது உங்கள் பழைய வண்டிக்குக் கிடைக்கும் இடைவெளி 12 மட்டுமே. பழைய எஸ்யூவிக்கு உண்மையான போட்டி ஷோரூமில் நிற்பது அல்ல, ஏற்கனவே ஒருவர் முதல் இழப்பைச் சுமந்துவிட்ட இந்த வண்டிதான். பலர் இந்த ஒப்பீட்டைச் செய்வதே இல்லை.

எரிபொருளை மட்டும் காரணம் காட்டி மாற்றுபவர்களும் உண்டு. லிட்டருக்கு 10 கி.மீ. தரும் வண்டிக்குப் பதில் 13 தரும் வண்டி, மாதம் 1,000 கி.மீ. ஓட்டம் என்றால் மிச்சம் சுமார் 23 லிட்டர். மாதத் தவணையை அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

படி 6: கணக்கில் அடங்காதவை

எஸ்யூவி உயரமான வண்டி, திடீரென ஸ்டியரிங்கை வெட்டினால் கவிழும் வாய்ப்பு சாதாரணக் காரைவிட அதிகம். தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானாகப் பிரேக் கொடுத்து வண்டியை நேராக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இதற்குத்தான். அமெரிக்காவில் 2012 மாடல் முதல் இது கட்டாயம், ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். உங்கள் வண்டியில் இது இல்லை, வீட்டில் புதிதாக ஓட்டப் பழகுபவர்கள் இருக்கிறார்கள் என்றால், 38-ஐயும் 12-ஐயும் மறந்துவிட்டு மாற்றுவதுதான் என் கட்சி.

சேஸிஸ் எண்ணைக் கொடுத்துத் திரும்ப அழைப்பு (ரீகால், குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டியை அழைப்பது) எதுவும் நிலுவையில் உள்ளதா என்றும் விசாரியுங்கள். உதாரணமாக, டகாட்டா என்ற நிறுவனம் செய்த பல ஏர்பேக்குகளில் வாயுவை உண்டாக்கும் வேதிப்பொருள் வருடக்கணக்கில் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறவிட்டது. இன்னும் மாற்றாத வண்டிகள் ஓடுகின்றன. திரும்ப அழைத்த ஏர்பேக்கைத் தயாரிப்பாளர் இலவசமாகவே மாற்றித் தருவார்.

இன்னொன்று, வண்டி வேலைக்கு நிற்கும் நாட்கள். வீட்டில் இரண்டாவது வண்டி இருந்தால் பழையது ஒரு வாரம் படுத்தாலும் பரவாயில்லை. பிழைப்பே அதில்தான் என்றால், உதிரிபாகம் கிடைக்க எத்தனை நாள் ஆகும் என்பதைக் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

படி 7: முடிவுக்குப் பிறகு

மாற்றுவது என்று முடிவானால் பெரிய வேலை எதுவும் செய்யாமல் விற்றுவிடுங்கள். விற்பதற்காகச் செய்யும் ரிப்பேர் செலவு முழுதாகத் திரும்பி வருவது அரிது. கோளாறை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

வைத்துக்கொள்வது என்றால் முதல் மாதத்திலேயே இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், டிஃபரன்ஷியல் ஆயில்கள், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றி, தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். பழைய வண்டி வழியில் நிற்க அடிக்கடி காரணமாவது கூலிங் சிஸ்டம். அதனால் ரேடியேட்டர் ஹோஸ்களை அழுத்திப் பார்த்து, கொழகொழவென்றோ மொறமொறவென்றோ இருந்தால் மாற்றுங்கள். கையோடு, கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றச் சொல்லிவிட்டால், இரண்டுக்கும் சேர்த்து ஒரு முறை கூலன்ட்டை இறக்கினால் போதும்.