நாயைக் குழுப் பயிற்சி வகுப்பில் சேர்க்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழு வகுப்பு பொதுவாக வாரத்துக்கு ஒரு நாள், ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று 6 முதல் 8 வாரங்கள் நடக்கும். ஒரு ட்ரெய்னர், ஐந்தாறு நாய்கள், ஒவ்வொரு நாயோடும் அதை வளர்ப்பவர். கூப்பிட்டால் வருவது, உட்காருவது, இழுக்காமல் நடப்பது, சொன்ன இடத்தில் காத்திருப்பது எல்லாம் சொல்லித் தருவார்கள். நம் ஊர்களில் ட்ரெய்னர் வீட்டுக்கே வருவதும் நாயை ஹாஸ்டலில் விட்டுப் பழக்குவதும் பழகிப்போன வழிகள். அவற்றைவிடச் செலவு குறைவாகப் பக்கத்திலேயே ஒரு குழு வகுப்பு நடக்கிறது என்று தெரிந்ததும் பலர் உடனே பணம் கட்டிவிடுகிறார்கள். இது நம் நாய்க்குப் பொருந்துமா என்ற யோசனை சில வாரங்கள் கழித்துத்தான் வருகிறது. அதற்குள் அந்த மைதானத்தின் வாசலைக் கண்டாலே நாய் பின்வாங்க ஆரம்பித்திருக்கும்.

பயந்த சுபாவமுள்ள நாயைக் கூட்டத்துக்குள் கொண்டு போவதைத்தான் இருப்பதிலேயே மோசமான தவறு என்பேன். "நாலு நாயோட பழகினா தானா சரியாயிடும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். பயம் அப்படிக் குறைவதில்லை. மற்ற நாயைப் பார்த்துக் குரைத்துப் பாய்கிற நாய் பல நேரம் "நீ தள்ளிப் போ" என்றுதான் சொல்கிறது. அதற்கு வேண்டியது இடைவெளி. இன்னொரு நாய் 30 மீட்டர் தள்ளி நிற்கும்போது அதனால் நிதானமாக இருக்க முடிகிறது என்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பிறகு வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வரலாம். குழு வகுப்பிலோ அடுத்த நாய் இரண்டு மூன்று மீட்டரில் நிற்கும். வாரா வாரம் ஒரு மணி நேரம் பயந்து பயந்து, அந்தப் பயமே கெட்டிப்பட்டுவிடும். இன்னும் பரிதாபம், சத்தமே போடாமல் ஒடுங்கிக் கிடக்கும் நாயின் நிலை. அதை "சமத்து" என்று பாராட்டிவிடுவார்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. வேகவைத்த கோழிக்கறியைச் சின்னத் துண்டுகளாக எடுத்துக்கொண்டு, நாய்கள் நடைபழக வரும் பூங்காவின் ஓரத்துக்குப் போங்கள். மற்ற நாய்கள் கண்ணில் படும்போது உங்கள் நாய் கறியை வாங்கிச் சாப்பிடுகிறதா? பெயர் சொன்னால் ஒரு நொடியாவது திரும்பிப் பார்க்கிறதா? இரண்டும் நடந்தால் குழு வகுப்பை முயன்று பார்க்கலாம். வீட்டில் கறிக்காகக் குதிக்கிற நாய் அங்கே வாயருகே வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது பிடிவாதம் இல்லை. பதற்றம் தலைக்கேறிய உடலுக்குத் தீனி வேண்டியிருக்காது, அந்த நிலையில் பாடமும் ஏறாது. அடிக்கடி கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, வாலை இடுக்கிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது ஆகியவையும் அதே சேதியைத்தான் சொல்கின்றன. உற்சாகம் தாங்காமல் எல்லா நாயோடும் விளையாட இழுக்கும் ஒரு வயது லாப்ரடாரின் கதை வேறு. சத்தம் ஒன்றுபோல இருந்தாலும் அது பயம் இல்லை. நல்ல ட்ரெய்னர் இருந்தால் அதற்குக் குழு வகுப்பு நன்றாகவே உதவும்.

அடுத்தது, வீட்டில் நடக்கும் பிரச்சினைக்கு மைதானத்தில் மருந்து தேடுவது. தனியாக விட்டுப் போனால் கதவைப் பிறாண்டி அழுகிற நாய், சாப்பாட்டுத் தட்டின் அருகே யார் வந்தாலும் உறுமுகிற நாய், வீட்டுக் குழந்தையைக் கடிக்கப் போன நாய்: இவற்றுக்கு "சிட்", "ஸ்டே" தீர்வாகாது. வீட்டுக்கு வந்து சூழலைப் பார்க்கக்கூடிய ஒருவர்தான் வேண்டும். இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று சிடுசிடுக்கிறதா? முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழ், பல் வலி, இடுப்பு மூட்டு வலி என்று உடம்பில் ஏதாவது இருக்கலாம்.

வயது விஷயத்தில் ஒரு பழைய நம்பிக்கை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது: "ஆறு மாசம் ஆகட்டும், அப்புறம் ட்ரெயினிங்." நாய்க்குட்டி உலகத்தைப் பயமின்றி ஏற்றுக்கொள்ளப் பழகும் முக்கியமான காலம் பிறந்த 3ஆவது வாரத்திலிருந்து ஏறத்தாழ 14ஆவது வாரம் வரைதான். ஆறு மாதம் காத்திருந்தால் அந்தக் காலம் முடிந்தே போய்விடும். அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2008இல் வெளியிட்ட அறிக்கையில், 7 அல்லது 8 வார வயதிலேயே குட்டிகளுக்கான வகுப்பைத் தொடங்கலாம் என்று சொன்னது. முதல் தடுப்பூசி போட்டுக் குறைந்தது 7 நாள் ஆகியிருக்க வேண்டும், குடற்புழு மருந்தும் கொடுத்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

ஆனால் இதைப் படித்துவிட்டு, தெருநாய்கள் நடமாடும் திறந்த மைதானத்தில் 8 வாரக் குட்டியை இறக்கிவிடாதீர்கள். குட்டிகளுக்குக் கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் அது தாக்கிய குட்டிகள் பிழைப்பது கடினம். தடுப்பூசி அட்டையைப் பார்த்த பிறகே சேர்க்கிறார்களா, பிளீச்சிங் கரைசலால் கழுவக்கூடிய தரையா என்று பாருங்கள். அப்படிப்பட்ட இடம் கிடைக்காவிட்டால் தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டே பஸ் சத்தம், ஹெல்மெட் போட்டவர்கள், பள்ளிக்கூடம் விடும் நேரக் கூட்டம் எல்லாவற்றையும் காட்டலாம். அதுவும் பெரிய படிப்புதான். வயதான நாய்க்கு இனிமேல் எதற்கு என்று ஒதுக்குவதும் சரியில்லை. எட்டு வயது நாயும் கற்றுக்கொள்ளும்.

நம் நாட்டு இனங்களை வளர்ப்பவர்கள் பக்கத்து லாப்ரடாரைப் பார்த்து மனம் தளர்ந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்த வளர்க்கப்பட்டவை. எதிரில் ஒரு குட்டி பக் நாய் ஓடினால் அவற்றின் கவனம் அங்கே போகாமல் இருக்காது. கோம்பை காவலுக்கு வளர்ந்தது, புது மனிதர்களை உடனே ஏற்றுக்கொள்ளாது. ராஜபாளையம் நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கூப்பிட்டால் திரும்புவதே இல்லை என்றால் திமிர் என்று முடிவுகட்டாமல் காதைச் சோதிக்க வேண்டும். காது கேட்காத நாயும் கைச்சைகையில் அழகாகப் பழகும். இதையெல்லாம் தெரிந்து, இடம்விட்டு நிற்கவைக்கும் ட்ரெய்னரா என்பதே கேள்வி. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கோ சித்திரை வெயிலில் மாலை நாலு மணி வகுப்பு உயிருக்கே ஆபத்து.

வகுப்பு நாய்க்கு மட்டும்தான் என்று நினைத்து, டிரைவரிடமோ வீட்டில் வேலை செய்பவரிடமோ நாயைக் கொடுத்து அனுப்புவார்கள். அங்கே கற்றுக்கொள்ள வேண்டியவர் நீங்கள். நாய் மைதானத்தில் உட்காரக் கற்றுக்கொண்டால், மைதானத்தில்தான் உட்காரும். கூடத்திலும் மொட்டைமாடியிலும் தெருமுனையிலும் தினமும் இரண்டு மூன்று முறை ஐந்தைந்து நிமிடம் நீங்கள் மறுபடி பழக்கினால்தான் அது எல்லா இடத்துக்கும் பொருந்தும். அந்த நேரம் உங்களிடம் இல்லையென்றால் வகுப்புக் கட்டணம் வீண். அப்பா "உக்காரு" என்கிறார், பையன் "சிட்" என்கிறான், பாட்டி "உக்காருடா கண்ணு" என்கிறார். சேர்வதற்கு முன்பே வீடு முழுக்க ஒரே சொல் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பத்துப் பேர் பார்க்க நாயைக் கையாளுவது உங்களுக்கே கூச்சமாக இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். உங்கள் படபடப்பு லீஷ் வழியாக நாய்க்குப் போய்ச் சேரும்.

நாய் இல்லாமல் ஒருமுறை தனியாகப் போய் வகுப்பைப் பார்க்காமல் சேராதீர்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில்கூட நாய் ட்ரெய்னராக உரிமம் கட்டாயமில்லை, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். கழுத்தை இறுக்கும் சோக் செயினைச் சுண்டி இழுக்கிறார்களா, முள் பட்டையோ ஷாக் பட்டையோ கழுத்தில் இருக்கிறதா, நாய்களின் வால் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். "நீங்கதான் தலைவன்னு நாய்க்குக் காட்டணும்" என்று சொல்லிக் கீழே அமுக்கிப் பிடித்தால் திரும்பி வந்துவிடுங்கள். கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து எழுந்த கருத்து அது. அதைப் பரப்பியதில் பங்குள்ள ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். மேலே சொன்ன சங்கமும் 2021இல், எல்லா நாய்களுக்கும் வெகுமதி கொடுத்துப் பழக்கும் முறையையே பரிந்துரைத்தது. வகுப்பைப் பார்க்கவே அனுமதிக்க மாட்டேன் என்றால் காரணம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

சில்லறை விஷயங்களும் உண்டு. ஹீட்டில் (இணை சேரும் பருவத்தில்) இருக்கும் பெண் நாயை அந்த மூன்று வாரமும் அழைத்துப் போகாதீர்கள். இருமல் இருந்தாலும் லீவு போடுங்கள். உண்ணி மருந்தை மறக்காதீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட நாய் ட்ரீட்டுக்கு மசியாது.

குழுவா, தனியா என்று இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும் என்பதும் இல்லை. முதலில் வீட்டில் சில தனி வகுப்புகள், அப்புறம் குழு என்று போகலாம். முதல் சில வாரம் வாசலுக்கு வெளியே தள்ளி நின்று பார்க்கலாமா, நடுவே திரை கட்டித் தருவாரா, நாய் பதறினால் பாதியில் கிளம்பலாமா, ஒத்துவராவிட்டால் மீதிப் பணத்துக்குத் தனி வகுப்பு எடுப்பாரா என்பதையெல்லாம் பணம் கட்டும் முன்பே ட்ரெய்னரிடம் கேட்டுவிடுங்கள்.