பதின்ம வயதில் நீரிழிவு: பொறுப்பு கைமாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் வகை நீரிழிவு (உடலில் இன்சுலின் சுரக்காத நிலை) உள்ள பிள்ளையைச் சிங்கப்பூரின் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ காட்டிவரும் குடும்பங்களில், இன்சுலின் அளவு, மருந்து தீரும் நாள், அடுத்த சந்திப்பு நாள் ஆகிய எல்லாம் பெரும்பாலும் அம்மாவின் நினைவில்தான் இருக்கும். பெரியவர்களுக்கான பிரிவுக்கு மாறும் நாள் நெருங்கியதும் “இனி நீயே பார்த்துக்கொள்” என்று மொத்தப் பொறுப்பையும் ஒரே நாளில் ஒப்படைப்பதே முதல் தவறு. 12, 13 வயதிலேயே ஒவ்வொரு வேலையாகக் கைமாற்றத் தொடங்க வேண்டும். முதலில் சர்க்கரை அளவைத் தானே பார்த்துப் பொருள் சொல்லட்டும். பிறகு உணவுக்கேற்ற இன்சுலினைத் தானே கணக்கிடட்டும், பெற்றோர் சரிபார்த்தால் போதும். மருத்துவரின் கேள்விக்குப் பிள்ளைக்கு முன்பாக அம்மாவே பதில் சொல்லிவிடுவதும் தவறுதான். சந்திப்பின் ஒரு பகுதியிலாவது பிள்ளை மருத்துவரிடம் தனியாகப் பேசப் பழக வேண்டும்.

சர்க்கரை அளவு கூடியிருந்தால் கடிந்துகொள்ளும் வீட்டில், பிள்ளை அளவை மறைக்கக் கற்றுக்கொள்ளும். பருவமடையும் காலத்து இயக்குநீர்கள் (ஹார்மோன்கள்) இன்சுலினின் வேலையைத் தடுப்பதால், ஒழுங்காக இருக்கும் பிள்ளைக்கும் சர்க்கரை ஏறக்கூடும். அப்போது மருந்தளவைத் திருத்த வேண்டும். பிள்ளையைக் குற்றம் சொல்வதில் பயனில்லை.

மிக ஆபத்தான தவறு, சாப்பிடவில்லை என்பதால் இன்சுலினை அடியோடு நிறுத்துவது. காய்ச்சலில் வாந்தி எடுக்கும்போதும், தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும்போதும் “உணவே இல்லையே, ஊசி எதற்கு?” என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. உணவு இல்லாவிட்டாலும் கல்லீரல் சர்க்கரையை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். இன்சுலின் இல்லாதபோது உடல் கொழுப்பை எரிக்க, அதனால் சேரும் கீட்டோன் என்னும் வேதிப்பொருள் இரத்தத்தை அமிலமாக்கி உயிருக்கே உலை வைக்கும். நீண்ட நேரம் வேலை செய்யும் அடிப்படை இன்சுலினின் அளவை மருத்துவக் குழு மாற்றலாம், நாமாக நிறுத்தக் கூடாது. விரதம் இருக்க விரும்பும் பிள்ளை சில வாரங்களுக்கு முன்பே அவர்களிடம் கேட்டுவிட வேண்டும். நோயுற்ற நாளில் கீட்டோன் பரிசோதனை அவசியம். வாந்தி நிற்காவிட்டால் அவசரப் பிரிவுக்குச் செல்லத் தயங்கக் கூடாது.

வீட்டில் அளந்து வைத்த சோற்றுக்குப் பழகிய பிள்ளைக்கு, பலதுறைத் தொழிற்கல்லூரியின் உணவகத்தில் பரோட்டாவுக்கும் தே தாரிக்குக்கும் எவ்வளவு இன்சுலின் போடுவது என்று தெரியாமல் போகலாம். உணவங்காடிக்குக் கூடவே சென்று கணக்குப் போட்டுப் பழக்குங்கள். சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் சாக்லேட்டைக் கொடுப்பது பலர் செய்யும் தவறு. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 கிராம் குளுக்கோஸ் அல்லது அதற்கு ஈடான இனிப்புப் பானத்தைக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். நெருங்கிய நண்பர் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும். மது அருந்தினால் பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூடச் சர்க்கரை இறங்கலாம். “நம் பிள்ளை குடிக்காது” என்று பேசாமல் விடுவதைவிட இதைச் சொல்லிவைப்பதே பாதுகாப்பு.

குழந்தைகள் பிரிவின் கடைசிச் சந்திப்புக்கும் புதிய மருத்துவரின் முதல் சந்திப்புக்கும் இடையே, தேர்வு, கல்லூரி மாற்றம், தேசிய சேவை தொடர்பான அலுவல்கள் என ஏதேனும் குறுக்கிட்டு மாதங்கள் ஓடிவிடக்கூடும். ஆண்டுதோறும் செய்ய வேண்டிய விழித்திரை, சிறுநீரகப் பரிசோதனைகள் விட்டுப்போவதும் இந்த இடைவெளியில்தான். ஆகவே புதிய சந்திப்பு நாள் உறுதியாகும்வரை பழைய பிரிவிலிருந்து விலகாதீர்கள். பரிந்துரைக் கடிதம், தற்போதைய இன்சுலின் அளவுகள், கடைசிப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைப் பிள்ளை தன் கையில் வைத்திருக்கட்டும். இரு சந்திப்புகளுக்கும் இடையிலான நாள்களுக்குப் போதுமான இன்சுலினையும் ஊசிமுனைகளையும் கடைசிச் சந்திப்பிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.